ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர்

இணைய இணைப்புத் தர வந்தவர் முன்ஜன்னலின் மரச்சட்டத்தில் ஒரு துளை போட்டார். வயரை இரண்டு அடி உள்ளே இழுத்தார். ரவுட்டரைச் சுவரோரம் தரையில் வைத்தார். வீட்டின் மற்றப் பகுதிகளைப் பார்க்கவே இல்லை. என் மனைவி வேலை செய்யும் அறை பேஸ்மென்ட்டில், பின்பக்க மூலையில் இருக்கிறது என்று சொன்னேன்.

"அங்கேயும் போகும், மிசியே" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

போகவில்லை. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், செயின்ட்-மிஷேல் என்ற பகுதியில் நாங்கள் இருப்பது பழைய செங்கல் வீடு. சுவர்ச் சாந்துக்குள் கம்பி வலை. தரைக்குக் கீழே சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள். குளியலறையில் வார்ப்பிரும்புத் தொட்டி. வைஃபைக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மதில். மேலே முன்னறையில் முழுக் கோடுகளும் நிற்கும். கீழே ஒரு கோடு, சிலவேளை அதுவும் இல்லை.

மனைவி மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு தெரியாத தமிழ் நோயாளிக்கு முன்னால் ஒரு திரையை வைப்பார்கள். அந்தத் திரையில் அவள் இருப்பாள். வேலை தரும் நிறுவனத்துக்கு விதிகள் உண்டு. நோயாளி சொல்வது வேறு எவர் காதிலும் விழக்கூடாது. பின்னால் இரைச்சல் கூடாது. அழைப்பு அறுபடக்கூடாது. ஒரே மாதத்தில் மூன்று முறை அறுந்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். மேலே இருந்து வேலை செய்ய முடியாது. பனி அள்ளும் லொறி ஒன்று தெருவால் போனால் போதும், நோயாளியின் குரல் அமுங்கிவிடும். கணினி அவளுடையது, இணைப்பு அவளுடையது, அறை அவளுடையது. ஆகவே பிழையும் அவளுடையது. நிறுவனத்தின் கணக்கு அப்படித்தான் போகிறது.

முதல் அழைப்பு பெப்ரவரியின் தொடக்கத்தில் அறுந்தது. இணைய நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அந்த வாரத்தில் நான்கு தடவை எடுத்தேன். நான்கு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: எங்கள் பக்கத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் அளந்தது தெருவிலிருந்து ஜன்னலோர ரவுட்டர் வரைக்கும். அதற்கு அப்பால் ஒரு வீடு இருப்பதையோ, அதில் ஒரு பெண் வேலை செய்வதையோ அவர்களின் அளவுகோல் அறியாது. நான்காவது ஆள், "கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நன்றாக வேலை செய்யும்" என்றார். அதை ஓர் அறிவுரையாகவே சொன்னார்.

சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாடிப்படியின் நடுவில் வைத்தேன். கிடைப்பதை வாங்கித் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. கிடைத்தது குறைவு, திருப்பிச் சொன்னது அதைவிடக் குறைவு. இரண்டாவது அழைப்பும் அறுந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். டோர்வல் விமான நிலையத்தில் கணினி இணைப்புகளைப் பார்ப்பவர், ஐம்பதை நெருங்கியவர். சனிக்கிழமை காலை வந்து, வீடு முழுவதும் நடந்து பார்த்தார். அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான்.

"சார், இந்த ரவுட்டர்ல ரெண்டு பேண்ட் இருக்கு, ரெண்டு அலைவரிசை" என்று, அவர் சொல்லி நான் வாங்கி வைத்திருந்த இரண்டு புது ரவுட்டர்ப் பெட்டிகளையும் திறந்தார். "ரெண்டு புள்ளி நாலு தூரம் போகும், ஆனா ஸ்லோ. அஞ்சு ஃபாஸ்ட், ஆனா சுவரைப் பார்த்தா படுத்துடும். ஒரு ரவுட்டர் மேல இருக்கட்டும். இன்னொண்ணை வயர் இழுத்து அக்கா ரூம்லயே வெச்சிடலாம். அப்புறம் நடுவுல சுவரே கிடையாது."

தகரக் குழாய் இறங்கும் இடைவெளியால் வயரைக் கீழே விட்டார். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வேண்டும் என்றார். அப்போதுதான் லேப்டாப் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பதைத் தானாகப் பிடிக்குமாம். மறக்காத ஒரு சொல் கேட்டார்.

"வாழைப்பழம் எண்டு போடுங்கோ அண்ணை" என்றாள் மனைவி.

"சூப்பர் அக்கா. பசிச்சாலே ஞாபகம் வந்துடும்."

மேல் ரவுட்டரில் அதை ஆங்கில எழுத்தில் தட்டினார். எங்கள் தொலைபேசிகளிலும் மனைவியின் லேப்டாப்பிலும் அவரே தட்டிக் கொடுத்தார். அதற்குள் அவருடைய வேலை நேரம் வந்துவிட்டது. "கீழ இருக்கறதை நீங்களே போட்டுடுங்க சார். பேப்பர்ல இருந்தவர்தானே, எழுத்துப் பிழை வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு நான் போட்டேன். அதே பெயர், அதே வாழைப்பழம். லேப்டாப் திரையில் எங்கள் இணைப்பின் பெயர் தெரிந்தது. அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மூன்றாவது அழைப்பு அறுந்தது. மனைவி மேலே வந்து குசினி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். யார் நோயாளி, என்ன நோய் என்று அவள் ஒருபோதும் சொல்வதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"திருப்பி லைன் வரேக்கை எல்லாம் முடிஞ்சுது. அந்த மனுசியின்ரை பிள்ளையைக் கொண்டு கேப்பிச்சிருக்கினம். பதினொரு வயசுப் பிள்ளை. தாய்க்கு என்ன வெட்டப் போகினம் எண்டதை அதுதான் தாய்க்குச் சொல்லியிருக்கு."

பின்னேரம் நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. அவளுடைய வேலைச் சூழல் தரத்துக்கு அமையவில்லை, பெயர் நிறுத்தப்பட்டுள்ளது, சூழலைச் சீராக்கினால் திங்கட்கிழமை ஒரு பரிசோதனை அழைப்புக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் சென்னைக்காரரை அழைத்தேன். சண்டை பிடிக்கத்தான் அழைத்தேன். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்கடை புது ரவுட்டரும் சரியில்லை" என்றேன்.

"கீழ லேப்டாப் எதுல கனெக்ட் ஆகியிருக்கு சார்?"

"எங்கடை பேரிலைதான்."

"ரெண்டுக்கும் ஒரே பேருதானே. பாஸ்வேர்டை எழுத்து எழுத்தா சொல்லுங்க."

"வி, ஏ, ஏ, எல்..."

"எல்லா? எல் எங்க சார் வந்துச்சு? இசட் எச்!"

"வாழைப்பழத்திலை எங்கை இசட் எச் இருக்கு?"

"ழ சார், ழ! ழவுக்கு இசட் எச்தானே."

"எங்கடை ஆக்கள் எல்தான் போடுறது. பாஸ்போட்டிலையும் அப்பிடித்தான்."

"ரெண்டு பேரும் இருந்து பழத்தை உரியுங்கோ" என்றாள் மனைவி. "என்ரை வேலை போயிட்டுது."

அவர் வாழைப்பழத்தைச் சென்னையில் எழுதுவதுபோல் எழுதினார். நான் யாழ்ப்பாணத்தில் எழுதுவதுபோல் எழுதினேன். ஏ எத்தனை என்பதிலும் நாங்கள் ஒத்துப்போயிருக்கவில்லை. லேப்டாப்புக்குத் தெரிந்தது அவருடைய எழுத்து மட்டும். தனக்குப் பக்கத்திலேயே இருந்த ரவுட்டரை அது மேல் ரவுட்டரின் சொல்லோடு தட்டியது. கீழ் ரவுட்டர் கதவைத் திறக்கவில்லை. லேப்டாப் திரும்பவும் மாடியில் இருந்த பலவீனமான இணைப்பையே பிடித்துத் தொங்கியது. பெயர் ஒன்றாக இருந்தபடியால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. திருத்த ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கோடுகள் எல்லாம் எழுந்து நின்றன.

பதினாறு வருடம் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தவன் நான். லகர ளகர ழகரப் பிழைகளுக்காகப் பிறரைத் திட்டியிருக்கிறேன். மூன்றாவது அழைப்பு அறுந்தது என்னால். அதை மனைவியிடம் சொன்னேன், அவள் மறுக்கவில்லை.

ஆனால் அதனால் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு தாய் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் நேரம், செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டு நிலவறையின் வைஃபையில் தங்கியிருக்கிறது. அப்படி அமைத்தவர்கள் அந்த வீட்டுக்கு ஒரு வயர்கூட வாங்கித் தந்ததில்லை. இணைப்பு அறுந்தால் வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேடும் ஏற்பாடு இல்லை. அறுந்ததை எண்ணும் ஏற்பாடு மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது. என்னுடைய பிழை ஒரு எழுத்து. அவர்களுடையது பிழை என்றே பதிவாகவில்லை.

திங்கள் பத்து மணிக்குப் பரிசோதனை. நோயாளி இல்லாத அழைப்பு என்பதால் நானும் அறையில் இருந்தேன். மேற்பார்வையாளர் மரியாதையான பெண்மணி. மனைவியை ஒரு பந்தி வாசிக்கச் சொன்னார், வேகத்தை அளந்தார், கமராவை அறை முழுவதும் திருப்பச் சொன்னார். இருபது நிமிடத்தில் படம் ஒருமுறையும் உறையவில்லை. "எல்லாம் விதிக்கு அமைவாக இருக்கிறது, மடாம். இன்றைக்கே உங்கள் பெயரைச் சேர்க்கிறேன்" என்றார்.

மனைவி நன்றி சொல்லிவிட்டு, அதே மரியாதையான பிரெஞ்சில் கேட்டாள்: "புதன்கிழமை என் அழைப்பு அறுந்த பிறகு, வேறு ஒருவரை அனுப்பினீர்களா?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அந்த விவரம் இந்தக் கோப்பில் இல்லை."

"பிள்ளை மொழிபெயர்த்தது எந்தக் கோப்பில் இருக்கிறது?"

"அது ஆஸ்பத்திரியின் விடயம், மடாம்."

திரை அணைந்ததும், "பேர் திரும்ப வந்திட்டுதுதானே, இனி விடும்" என்றேன். உண்மையில், பேர் மறுபடியும் போய்விடுமோ என்று நான் பயந்திருந்தேன்.

"விடுறதோ? என்ரை லைன் மூண்டு தரம் அறுந்ததை மணி நிமிசத்தோடை எழுதி வைச்சிருக்கினம். அந்தப் பிள்ளை தாய்க்கு என்ன சொன்னது எண்டு ஆருக்குத் தெரியும்?"

அன்று மத்தியானம், முதல் அழைப்பு வருமுன், அவளே ஒரு கடிதம் எழுதினாள். நான் வீட்டுச் சுவர்களையும் இணைய நிறுவனத்தையும் வைத்து எழுதியிருந்த இரண்டு பக்கத்தை அவள் எடுக்கவில்லை. அவளுடையது ஆறு வரி. அந்தத் தாயிடம் வைத்தியர்கள் வயது வந்த ஒரு மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி பேச வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்றாக அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி பதில் எழுதவில்லை. நிறுவனம் வெள்ளிக்கிழமை எழுதியது. வீட்டு இணைப்பின் தரத்தை உயர்த்தியதற்கு அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.