மாத்தறைச் சிங்களம்

வடக்கே வடமராட்சி உடுப்பிட்டியில் இராசமலரைச் 'சிங்கள ரீச்சர்' என்றால்தான் தெரியும். ஆனால் அவள் தமிழ்ப் பெண். தகப்பன் தெற்கே மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் பிறந்து, அந்தத் தெருச் சிங்களப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவள். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்து, குடும்பம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பாஷை ஒன்றுதான். பின்னாளில் அதையே படிப்பிக்கும் ஆசிரியையானாள். வெங்காயத் தோட்டம் செய்யும் மார்க்கண்டுவைக் கலியாணம் முடித்தாள். சத்தியரூபன் என்று ஒரே மகன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவளுடைய வகுப்பு வெறுமையாகத் தொடங்கியது. கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்த ஒருவர், பள்ளிக்கூட வாசலில் அவளைக் கண்டு நின்றார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. என்ரை பிள்ளைக்கு இனி உந்தச் சிங்களம் வேண்டாம்."

"ஓம்" என்றாள் இராசமலர். வேறென்ன சொல்வது? அவர் மட்டுமா, ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். சிலர் சொல்லாமலே பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். அதிபர் அவளைச் சமூகக்கல்வி படிப்பிக்க விட்டார்.

வகுப்பில் இல்லாமற்போனதை அவள் வீட்டில் மகனுக்குக் கொடுத்தாள். அவனுக்கு அது விளையாட்டு. வானொலியில் போகும் சிங்கள நாடகங்களைக் கேட்டு, கிழவன் குரலிலும் பொலிஸ்காரன் குரலிலும் பேசிக் காட்டுவான். அவள் சிரித்துக்கொண்டே உச்சரிப்பைத் திருத்துவாள். போகப்போகத் திருத்த ஒன்றும் இல்லாமற்போயிற்று. அசல் மாத்தறைக்காரன் மாதிரியே இழுத்துப் பேசினான். மார்க்கண்டு வெங்காயம் பிணைத்தபடி, "தாயும் மோனும் என்னைத்தான் வையுறியள் போலை" என்பார்.

எண்பத்தேழு வைகாசியில் ஆமி வடமராட்சிக்குள் இறங்கியது. குண்டு விழுந்து ஓய்ந்தபின், இளம் பெடியள் எல்லாரும் வெளியில் வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சத்தியரூபனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒளிக்க இடமில்லை. இராசமலர் அவனுடைய சேட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"பயப்பிடாதை ராசா. உனக்குக் கதைக்கத் தெரியும். கேட்டதுக்கு வடிவாய்ப் பதில் சொல்லு, விட்டிடுவாங்கள்."

"ஓமம்மா" என்று போனான். அன்று போன பெடியள் முழுப்பேரையும் கப்பலில் ஏற்றித் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆடிக் கடைசியில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. பிடிபட்ட பெடியள் பகுதி பகுதியாகத் திரும்பினார்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவள் சந்தியில் போய் நின்றாள். கடைசியாக வந்தவர்களோடு பக்கத்து வளவுத் தயாபரன் இறங்கினான். மெலிந்து, தலை மொட்டையடித்து, அடையாளமே தெரியவில்லை. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் அவளே அவன் வீட்டுக்குப் போனாள்.

"தம்பி, எதெண்டாலும் சொல்லு. நான் தாங்குவன்."

அவன் நிலத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்.

"ரீச்சர், எங்களுக்கு அவங்கள் கேக்கிறது விளங்கேல்லை. முழிச்சுக்கொண்டு நிண்டம். அடிச்சுப்போட்டு விட்டிட்டாங்கள். ரூபன் எங்களுக்காக மொழிபெயர்க்கப் போனவன். ஒரு பெடியனுக்குக் காய்ச்சல், மருந்து வேணுமெண்டு கேட்டவன். அவங்கடை பெரியவன் ஒருத்தன் வந்து, 'யாழ்ப்பாணத்தானுக்கு எப்பிடி இந்தச் சிங்களம்? ஆர் பழக்கினது? எங்கடை ஊருகளுக்கை உளவு பாக்கவோ?' எண்டு கேட்டான். அம்மா பழக்கினவ எண்டு இவன் சொன்னவன். அவங்கள் நம்பேல்லை. தனியாக் கூட்டிக்கொண்டு போனவங்கள்."

"பிறகு?"

"பிறகு நாங்கள் காணேல்லை, ரீச்சர்."

இராசமலர் எழும்பி வீட்டுக்கு வந்தாள். மார்க்கண்டுவிடம் காணேல்லை என்பதை மட்டும் சொன்னாள். ஏனென்று சொல்லவில்லை. அந்த ஒன்றை அவரிடம் சொல்ல அவளுக்கு வருசங்கள் பிடித்தன.

அடுத்த வருசம், இந்தியப் படை ஊரில் நின்ற காலம், கொழும்புக் கல்வி அமைச்சிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும் பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம். எந்த ஆண்டுப் பிள்ளைக்கு எவ்வளவு வரவேண்டும் என்ற தேர்ச்சி மட்டங்களை எழுதும் குழுவில் வடக்கிலிருந்து அவள் ஒருத்தி. அவள் ஒப்புக்கொண்டதைக் கேட்டு ஊர் ஆச்சரியப்பட்டது. மகனைத் தேடத் தெற்கே போக அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

குழுவின் தலைவர் விமலசேன நல்ல மனிதர். அவளுடைய பேச்சைக் கேட்டு மகிழ்ந்துபோனார். ஆண்டு ஆறு, ஏழு, எட்டு என்று வேலை சுமுகமாகவே நடந்தது. கடையில் பொருள் கேட்பது, வழி விசாரிப்பது, கடிதம் எழுதுவது என்று அவளும் சலிக்காமல் எழுதினாள். ஆண்டு பத்துக்கு விமலசேனவே ஒரு வசனம் வாசித்தார்: 'தாய்மொழியாளர் வேற்றுமை காணாதபடி மாணவர் சரளமாகப் பேசுவர்.'

இராசமலரின் பேனை நின்றது.

"அதை வெட்டுங்கள், ஐயா."

"ஏன்? நீங்களே அப்படித்தானே பேசுகிறீர்கள்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். குரல் உயராமல், அந்த மாத்தறைச் சிங்களத்திலேயே, தயாபரன் சொன்ன அவ்வளவையும் சொன்னாள். சிங்கள ஆசிரியை ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்கள் பிள்ளைகளுக்கு நான் எழுதித் தருகிறேன்" என்றாள் இராசமலர். "உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று எழுதுங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை உங்கள் பாஷையை நன்றாகப் பேசினால் பயப்படாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள்."

விமலசேன கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அதை எப்படிப் பாடத்திட்டத்தில் போடுவது? அதற்கு என்ன கேள்வி கொடுத்து, எப்படிப் புள்ளி போடுவது?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

அந்த வசனத்தை வெட்டினார்கள். அவள் கேட்டதைச் சேர்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும், அழுத அந்த ஆசிரியையே அவளைப் பெடியளை வைத்திருந்த முகாமுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் நின்ற சிப்பாய்க்கு மகனின் வயதுதான் இருக்கும். அவள் பேசியதும் அவன் முகம் மலர்ந்தது. "அம்மா மாத்தறையா? நான் பக்கத்து வெலிகம" என்று, மர வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்தான். உள்ளே போய் வந்தவன், அப்படி ஒரு பெயர் இங்கே இருந்ததேயில்லையாம் என்றான். அவளுடைய கண்ணைப் பார்க்காமலே சொன்னான். அவள் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பினாள்.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியது. புதிய பாடத்திட்டம் அச்சானதா இல்லையா என்றுகூட வடக்கில் யாருக்கும் தெரியவில்லை. சிங்களம் படிக்கப் பிள்ளையுமில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, அயல்பகுதியான வலிகாமம் முழுதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. இணுவிலில் இருந்து வந்த நாகேஸ்வரி என்ற பெண், புருசனும் மூன்று பிள்ளைகளுமாக மார்க்கண்டுவின் கொட்டிலில் தங்கினாள். ஆமி இங்கும் வரத்தான் போகிறது என்று எல்லோருக்கும் விளங்கிய ஒருநாள், அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"ரீச்சர், எனக்குச் சிங்களத்திலை ரெண்டு வசனம் சொல்லித் தாங்கோ. பிள்ளையளோடை வாயில்லாச் சீவன் மாதிரி நிக்கேலாது."

இராசமலர் அடுப்பை அணைத்தாள். ஏழு வருசமாக வாயில் எடுக்காத பாஷை.

"'மே மகே லமய்.' இவை என்ரை பிள்ளையள் எண்டு அர்த்தம். சொல்லு பாப்பம்."

நாகேஸ்வரிக்கு நல்ல காது. ஒருமுறை கேட்டதை அச்சொட்டாகத் திருப்பிச் சொன்னாள்.

இராசமலர் பதறிப்போனாள். "அப்பிடி இல்லை பிள்ளை. திக்கித் திக்கிச் சொல்லு. ஒரு சொல்லை விட்டுப்போட்டுத் தேடுமாப்போலை நில்லு."

"ஏன் ரீச்சர்? பிழையாச் சொல்லுறதே?"

"ஓம், பிழையாச் சொல்லு."

கிணற்றடியால் வந்த மார்க்கண்டு இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். "இஞ்சேரும், ஏன் உப்பிடிப் படிப்பிக்கிறீர்?" என்றார். நாகேஸ்வரி கொட்டிலுக்குப் போனபின், தயாபரன் சொன்னதை இராசமலர் முதல்முறையாகப் புருசனுக்குச் சொன்னாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த நாளும் நாகேஸ்வரி வந்தாள். இந்தமுறை அயல் வளவுக் கொட்டில்களில் இருந்த வேறு பெண்களும் கூட வந்தார்கள். இராசமலர் பாய் விரித்து அவர்களை இருக்கச் சொன்னாள்.