சம்பந்தியிடம் பேச ஒரு வருஷம்

படிக்கிற வேலையில் சம்பளம் கிடையாது, லீவு உண்டு, மரியாதை பரீட்சையைப் பொறுத்தது. ஐம்பத்தெட்டு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். சிவகாசியில் பட்டாசு ஆலை போர்மேன் வேலையை விட்டுவிட்டு, சீனாவில் ஒரு கல்லூரியில் மாண்டரின் படிக்கப் போனேன்.

காரணம் சுருக்கம். மகள் செல்வி அங்கே படிக்கப் போனவள், கூடப் படித்த சீனப் பையனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நானும் போகவில்லை, மனைவி புஷ்பத்தையும் விடவில்லை. "சீசன் நேரம், லோடு போகணும்" என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் கோபம். அது இறங்க மூன்று வருஷம் ஆனது. இறங்கிய பிறகு பார்த்தால், சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "நான் சொல்லிக்கிறேன்ப்பா" என்றாள் செல்வி. தப்புச் செய்தது நான். என் வாய்தான் சொல்ல வேண்டும். பேச வரும்வரை அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வயசான காலத்தில் புத்தகம் தூக்கியவர்களே, மீதி உங்களுக்கே தெரியும்.

அறைக்கு நாலு பேர்

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். எதிரே இன்னொரு கதவும் வேண்டும். முதல் நாள் வகுப்புக்குள் போனேன். இருபத்திரண்டு பேர். ஒரே கதவு. அதுவும் உள்பக்கம் திறந்தது. தலைகளை எண்ணினேன். திரும்பி வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

ஆசிரியை லீ வந்து கூப்பிட்டாள். செல்வி வயசுதான் இருக்கும். நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் வெடிச் சத்தம் கேட்ட காது. பாடம், காற்றடிக்கும்போது அடுத்த ஊர்க் கோயில் ரேடியோ கேட்பது மாதிரி வந்தது, போனது. கேட்டபடியே கண் சொருகியது. ஒரு மாதம் பார்த்துவிட்டு லீ தன் கைபேசியில் எதையோ தட்டி, தமிழாக்கி என் முன்னால் நீட்டினாள்: "படிக்க வந்தீர்களா, காவலுக்கு வந்தீர்களா?"

கதவுப் பொறி

குளிர்காலம். காற்றில் ஈரமே இல்லை. செல்வி வாங்கித் தந்த கம்பளிச் சட்டையோடு போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டேன். டப்பென்று பொறி.

எங்கள் ஆலையில் வெடிமருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதில் கை வைத்து, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவோம். மறந்துபோய் ஒரு பொறி விழுந்தால் கூரை இருக்காது. அந்தப் புத்தி என்னை விடவில்லை. "ஏலே, எந்திரிங்கலே! போட்டது போட்டபடி வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். அங்கே ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. குரலே போதுமானதாக இருந்தது. மொத்த வகுப்பும் முற்றத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. லீ கடைசியாக வந்து தலைகளை எண்ணினாள். அது எனக்குப் பிடித்தது.

அப்போது எனக்கு முப்பது வார்த்தை தெரியும். "நெருப்பு. கை. கதவு" என்றேன். அவள் போய்க் கைப்பிடியைத் தொட்டாள், கையை உதறினாள், சிரித்தாள். மறுபடி கைபேசி நீண்டது: "பெரியவரே, உள்ளே வெடிக்க ஒன்றுமில்லை. இலக்கணம் மட்டும்தான் இருக்கிறது."

சத்தமில்லாமல் விழுந்தது

ஒரு விடியலில் ஜன்னலெல்லாம் வெள்ளை. கீழே இறங்கினேன். முதல் பார்வைக்கு ஆலங்குளம் சிமெண்டு லாரி போன ரோடு மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால், பஞ்சு பஞ்சாகப் பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஆகாசத்தில் நான் பார்த்ததெல்லாம் சத்தத்தோடு போய், சத்தத்தோடு பூத்து, கருகி விழும். இது என்ன கணக்கு? கல்லூரி ஏரிக்கரையில் மரங்கள் நின்ற இடத்தில் மரங்களின் நினைப்புத்தான் நின்றது. சைக்கிள்காரர்கள் கால் இல்லாமல் மிதந்து போனார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

புஷ்பத்துக்கு வீடியோவில் காட்டினேன். அவளும் பட்டாசு வேலை பார்த்தவள். நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தேன். முந்திக்கொண்டாள்: "அம்புட்டும் அலுமினியப் பவுடரு கணக்கால்ல இருக்கு! மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள போங்க."

மதியத் தூக்கம்

அந்த ஊரில் மதியம் சாப்பிட்டதும் கல்லூரியே தூங்கும். நல்ல பழக்கம். அப்படித் தூங்கிய ஒரு நாள், கனவில் திருத்தங்கல் ரோட்டில் எங்கள் கம்பெனி வேன் வந்தது. மடியில் தூக்குவாளியோடு பெண்கள். எல்லாரும் சீனத்தில் பேசுகிறார்கள். என் காது வாலிப வயசுக் காதாக இருக்கிறது. அந்தப் பேச்சில் குரலின் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தண்ணீருக்குள் கூழாங்கல் தெரிவது மாதிரித் தெரிகிறது. நானும் பேசுகிறேன். சம்பந்தியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நிறுத்தாமல் சொல்லி முடிக்கிறேன். வேன் முழுக்கத் தலையாட்டுகிறது.

விழித்தபோது வாயில் ஒரு சொல் மிச்சமில்லை. மறுநாள் அரைகுறைச் சீனத்தில் லீயிடம் சொன்னேன். அவள் இரங்கவில்லை. "கனவில் பேசியதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதிக்கொண்டு வாங்க."

பன்னிரண்டு வாக்கியம்

எழுதினேன். பன்னிரண்டு வாக்கியம். லீ திருத்தினாள். ஒரு வருஷம் முடிந்து, பரீட்சையில் தப்பித்து, செல்வியோடும் மருமகனோடும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மூடுபனி, அதற்குள் மஞ்சளாகக் கடுகுச் செடி மாதிரி ஏதோ பூத்துக் கிடந்தது. சம்பந்தி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். என் வயசு. என்னைப் போலவே அதிகம் பேசாதவர் என்று முகத்தில் தெரிந்தது. "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன்.

"உங்கள் மகன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை" என்றேன். சரியாக வந்தது. "அது என் தப்பு" என்றேன். அதுவும் வந்தது. மூன்றாவது வரவில்லை. நாலாவதும் இல்லை. மீதிப் பத்தும் அந்த மூடுபனிக்குள் போய்விட்டன. மருமகன் தரையைப் பார்த்தான். செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் "அது என் தப்பு" என்று மறுபடி சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

சம்பந்தி எழுந்து உள்ளே போனார். முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் கெட்டில், ஒரு கோப்பை. அங்கே கல்யாணத்தன்று மணமக்கள் இரு வீட்டுப் பெற்றவர்களுக்கும் டீ கொடுத்து வணங்குவார்கள். பாடத்தில் படித்திருந்தேன். அவர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் சொன்னது, யாரும் சொல்லித் தராமல், முழுசாக எனக்கு விளங்கியது: "அன்றைக்கு உங்களுக்கு ஊற்றி வைத்த டீ ஆறிப்போச்சு. இது சூடா இருக்கு, பேசாம குடிங்க."

ஒரு வருஷம் பாடுபட்டுப் பேசக் கற்றவனுக்கு, பேசாதே என்று சொன்னது ஒன்றுதான் பிசிறில்லாமல் புரிந்தது.