குங்குமம் வைத்த கதினா

மண்ணெண்ணெய் ஊறிய இரும்பின்மேல் சாக்பீஸ் தூளைத் தேய்க்கும்போது எழும் வாசனையில் வகுப்பறையும் அடுக்களையும் ஒன்றாகக் கலந்திருக்கும். என் பள்ளிப் பருவத்தின் மாசி மாதங்கள் எல்லாம் அந்த வாசனையோடுதான் வந்தன. ஆரியசாலைக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்திருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். தெருக்கோடியில் பகவதி கோயில். அங்கே வெடிவழிபாடு நடக்கும் ஓட்டுக் கொட்டகையில், எல்லோரும் "வெடிப்புரை" என்று சொல்லும் இடத்தில், அப்பாவுக்கு வேலை.

வெடிவழிபாடு பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சாண் உயரம், உரலைப்போல் கனம், அடி மூடிய இரும்புக் குழாய், அதுதான் "கதினா". வேண்டுதல்காரர் சீட்டு வாங்கினால் அதில் வெடிமருந்து நிறைத்து, வரிசையில் நிறுத்தி, நீளக் கம்பின் நுனித் தீயால் பற்றவைப்பார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய பேரும் நட்சத்திரமும் கேட்கும், பிறகு வெடி. அந்தச் சத்தம் வேண்டுதலைத் தேவியின் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பிக்கை. வெடித்ததை ஆறவிட்டு, துடைத்து, மறுபடியும் நிறைப்பார்கள். வருஷக்கணக்காக இப்படி வெடித்தால் இரும்பும் தளர்ந்துபோகும். வாய் விரியும், திரித்துளை பெரிதாகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடிவட்டத்தைச் சுற்றி உள்ளிருந்து வரும் முடியளவு விரிசல்தான் தெரியாது. பழுதானதைத் தூக்கி எறியவும் முடியாது. ஒவ்வொன்றும் யாரோ நேர்ந்து கொடுத்தது, அடியில் அவர்கள் பேர் வெட்டியிருக்கும். அது தேவியின் சொத்து.

கதினாவைச் சின்னச் சுத்தியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பது அப்பாவின் வழி. "மணி மாதிரிக் கேக்கணும், சட்டி மாதிரிக் கேக்கப்படாது" என்பார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாகர்கோவிலில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலைபார்த்த என் மாமா எஞ்சின் விரிசல் கண்டுபிடிக்கும் முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, வெளியே துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிக் காத்திருப்பாள். விரிசல் இருந்தால் வெள்ளையின்மேல் ஈரமாக ஒரு கோடு எழும். திருவிழாவுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் அம்மா உட்கார்ந்தால், எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சாக்பீஸ் என் பங்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர் கொடுக்கும் உடைந்த துண்டுகளை ஜியாமெட்ரி டப்பாவில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது, படிப்பால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் வந்துவிட்டதாக எனக்குத் தலை நிமிரும்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு கதினாவில் கோடு எழுந்தது. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், கால்வட்டத்துக்கு. அப்பா தட்டிப் பார்த்தார். மணிபோலத்தான் கேட்டது.

வெடிவழிபாட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த ராஜண்ணன் வந்து, குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சிரித்தார்.

"இது வார்ப்புல வந்த வரயாக்கும் சாந்தி. ஒண்ணும் சம்பவிக்காது."

"வார்ப்பு வரன்னா எண்ணெ கசியாதுல்லா அண்ணா."

"பின்னே, நீ எஞ்சினீயராணல்லோ" என்றார் அவர். அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் தகராறுக்குப் போகிறவர் இல்லை. அதைத் தூக்கிக் கொட்டகையின் மூலையில் தனியாக வைத்தார், பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அந்தியில், அவசரத்தில், யாராவது எடுத்துவிட்டால் நிறைப்பதும் பற்றவைப்பதும் அப்பாவின் கைதான். சாக்பீஸ் அடையாளம் நிற்காது, உதிர்ந்துவிடும். அம்மா வீட்டுக்குப் போய்க் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்து, கோடு இருந்த இடத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். சிவப்பாக, தூரத்திலிருந்தே தெரிந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் அப்பா சாயா குடிக்கப் போயிருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் கோயில் கமிட்டி செயலாளர் வெடிப்புரைக்கு வந்தார். மூலையில் தனியாக, குங்குமப் பொட்டோடு நின்ற கதினாவைப் பார்த்ததும் கும்பிட்டார். அது தேவிக்கென்று ஒதுக்கி வைத்ததுதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் வெடியை அதில்தான் போடவேண்டும் என்றார். பொட்டு எதற்கு வைத்தது என்று ராஜண்ணனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை; அவரே நிறைத்து வரிசையின் முதலில் நிறுத்தினார். செயலாளர் கையிலிருந்த தெச்சிப்பூ மாலையை அதற்குப் போட்டார். மாலை பொட்டை மறைத்துவிட்டது. அப்பா திரும்பி வந்தார், ஒலிபெருக்கியில் மணப்பெண்ணின் பேரும் நட்சத்திரமும் சொன்னார்கள், அப்பா கம்பை நீட்டினார்.

நான் கோயில் வாசலில் இருந்தேன். எப்போதும் கேட்கும் சத்தம் இல்லை அது, தட்டையாக இருந்தது. பிறகு தெச்சிப்பூ இதழ்கள் ஓட்டின்மேல் கிடப்பதைப் பார்த்தேன். அப்பாவின் கன்னத்தில் இரும்புத் துண்டு ஒன்று ஏறியிருந்தது, அதை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இரண்டு காதும் கேட்காமல் போயின. எனக்கு அழுகை வந்ததாக நினைவில்லை. மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்தது, போய் எழுதினேன். நல்ல மார்க்.

ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லோரும் தேவி காப்பாற்றினாள் என்றார்கள். குங்குமம் வைத்த கதினா என்பதால்தான் உயிர் தப்பியது என்று செயலாளர் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் போனபிறகு என்னிடம் மட்டும், சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "சுண்ணாம்பு வச்சிருக்கணும் மக்ளே. சுண்ணாம்புன்னா ஒருத்தனும் கும்பிட்டிருக்க மாட்டான்" என்றாள்.

அப்பா அதன்பிறகு சாலை பஜார் கடைகளில் மூட்டை இறக்கினார். அம்மா ஹோட்டலுக்குக் காய் நறுக்கப் போனாள். என் படிப்பை அவர்கள் நிறுத்தவில்லை. நான் டிப்ளமா முடித்தேன், வேலைக்குப் போகிறேன், அதே வரிசையில் சற்றுப் பெரிய வீட்டுக்கு மாறியிருக்கிறோம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

காது போன பிறகும், தினமும் அந்தி தீபாராதனைக்குப் போடும் வெடிக்காகக் காத்திருப்பதை அப்பா விடவில்லை. நேரமானதும் எங்கள் வீட்டின் கோயில் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அதிர்வு கையில் ஏறியதும், "போட்டாச்சு" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்து உட்காருவார்.

சில வருஷம் முன்பு உரிமம் புதுப்பிக்கவில்லை என்று வெடிவழிபாடு நின்றுவிட்டது. வெடிப்புரை இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். தேவிக்கென்று கொடுத்த கதினாக்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. வெடி இல்லாத முதல் நாள் அந்தியில் அப்பா சுவரில் கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு ராஜண்ணன் வார்ப்புக் கோடு என்றதற்கு ஒப்புக்கொள்ளாத அம்மா, 'ஆம், போட்டார்கள்' என்பதுபோல் தலையை அசைத்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா கோயிலுக்குப் போகிறார். அந்த பைக்குகளைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்றைக்கும் அந்தியானால் சுவரில் கை வைக்கிறார், திரும்பிப் பார்க்கிறார். அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையை அசைக்கிறாள். "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வந்து உட்காருகிறார்.