ஒரு கரண்டி ஒயில்

வேலணையில் எங்கள் முற்றத்தில் அன்று நின்றது மூன்று பேர்தான்: அப்பா, எங்கள் மோட்டார் சைக்கிளை வாங்க வந்த என் கணக்கு மாஸ்டர், நான். இன்றைக்கும் தெருவில் ஓர் ஓட்டோ நீலப் புகை விட்டுப் போனால், அந்த எரிந்த ஒயில் மணம் என்னை அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. யுத்தகாலத் தடையால் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடி ஓடி, உதைத்தால் கிக்கர் தொளதொளவென்று இறங்கும் நிலைக்கு வந்திருந்தது அந்த வண்டி. மாஸ்டர் வருவதற்கு முதல்நாள் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு உதைத்தபோது கிக்கர் இறுகியது.

"பிஸ்டன் றிங் தேஞ்சுபோச்சு அண்ணை. ஒயில் நிக்கிற கொஞ்ச நேரந்தான் இப்பிடி இறுகும்," என்றார்.

மாஸ்டர் வருவதற்குச் சற்றுமுன் அப்பா அதே கரண்டியை எடுத்ததை நான் கண்டேன்.

மாஸ்டர் உதைத்துப் பார்த்தார். "நல்ல இறுக்கம். புகைதான் கூட."

"மண்ணெண்ணெய்க்கு எல்லா வண்டியும் புகைக்குந்தானே மாஸ்டர்."

"பிள்ளை, நீ சொல்லு. பிழை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை மாஸ்டர்," என்றேன்.

காசைக் கொடுத்து வண்டியைக் கொண்டுபோன அவர், திங்கட்கிழமை தன் ஊரான புளியங்கூடலில் இருந்து நடந்தே பள்ளிக்கூடம் வந்தார். என் கொப்பியைத் திருத்தி, வழமைபோல் 'கெட்டிக்காரி' என்று எழுதித் தந்தார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு ஒரு நாளும் போகவில்லை.