வயிற்றுவலியைப் பார்க்க வந்தவருக்கு நண்டுக்கறி

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்தேன். எந்த மனுவை யார் மூலமாக யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அறிவால் எவரும் பிழைத்ததாக நினைவில்லை.

கண்டாவளைப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் பலருக்குத் தீராத வயிற்றுவலி. என் அயல் வீட்டு அண்ணைக்குத்தான் மோசம். வயல் வரம்பிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். கஞ்சி மட்டும் தங்கும். தண்ணீரா, சாப்பாடா, வேறேதுமா காரணம் என்று எந்த டாக்குத்தருக்கும் தெரியவில்லை. அரசாங்கம் பணம் ஒதுக்கி இதை ஆராய வேண்டும் என்று மனு எழுதினேன். 'நெற்பூச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் நெல்லை உண்பவன் வயிற்றுக்கும் ஒதுக்குக' என்ற என் வரியில் மயங்கி, அதை நானே பலமுறை வாசித்தேன்.

முதலில் ஒருவர் வந்து பார்ப்பார், பணம் பிறகு என்று பதில் வந்தது. கொழும்பிலிருந்து பெரிய டாக்குத்தர் வருவதாக ஏற்பாடு. நோயை நேரில் பார்க்கட்டும் என்று, அவருக்கு மதியச் சாப்பாட்டை அண்ணை வீட்டிலேயே வைத்தேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, அவ்வளவு தூரத்தாலை வாறவருக்குக் கஞ்சியே குடுக்கிறது?" என்று அண்ணையின் மனைவி கேட்டா.

"அது சரியில்லைத்தான் அக்கா" என்றேன். நண்டு வாங்க முல்லைத்தீவு பஸ் ஏறியவனும் நான்தான்.

விருந்தாளி தனியே சாப்பிடக்கூடாது என்று அண்ணையும் பக்கத்தில் உட்கார்ந்தார். குழம்பு செக்கச் சிவப்பாக இருந்தது.

"உங்களுக்குத்தானே வயித்துவலி?" என்றார் டாக்குத்தர்.

"ஓம் ஐயா. அது கிடக்கட்டும், இன்னும் ஒரு நண்டு போடுங்கோ." அண்ணை தன் இலையிலும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"இந்த உறைப்பைத் தாங்கிற வயித்துக்கு என்னத்துக்கு ஆராய்ச்சி?" டாக்குத்தர் சிரித்தார். மேலதிகாரி சிரித்தால் சிரிப்பது நடைமுறை. நானும் சிரித்தேன்.

ஜீப் புறப்பட்ட புழுதி அடங்குவதற்குள் அண்ணை வளவுக் கோடிக்கு, வேலியோரம் போய் வாந்தியெடுத்தார். இரத்தம். தோளைப் பிடித்தேன்.

"அவர் நல்லாச் சாப்பிட்டவரோ தம்பி?"

"ஓம் அண்ணை."

என் மனதில் முதலில் ஓடியது, மனுவுக்கு மேலதிக விளக்கக் குறிப்பு ஒன்றை எப்படித் தொடங்குவது என்பதுதான். அக்கா அழுத பிறகே சைக்கிளை எடுத்தேன். நல்லகாலம், மாட்டுப்பட்டி ஒன்று றோட்டை மறித்ததில் ஜீப் நின்றிருந்தது. மூச்சு வாங்கியதில் ஒரு வசனமும் சரியாக வரவில்லை. என் சட்டையில் இருந்த இரத்தக் கறையைக் காட்டினேன்.

டாக்குத்தர் திரும்பி வந்து, வளவுக் கோடியில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். தன் ஜீப்பிலேயே அண்ணையை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். அங்கே வயிற்றை வெட்டி அவரைக் காப்பாற்றினார்கள்.

பிறகு ஆராய்ச்சிக்குப் பணமும் வந்தது. டாக்குத்தரின் சிபாரிசைப் பார்த்தேன். என் நெற்பூச்சி வரி அதில் எங்கும் இல்லை. அந்த வளவுக் கோடியில் அவர் கண்டதுதான் இருந்தது.

ஆராய்ச்சிக்காரர் வரும் செய்தியோடு அக்காவிடம் போனேன்.

"இந்தமுறை கஞ்சி மட்டும்தான் அக்கா."

"அண்ணைக்குக் கஞ்சி" என்றா அவா. "வாறவைக்கு?"

நான் முல்லைத்தீவு பஸ் ஏறினேன்.