மல்லிகா அக்காவிடம் திட்டு வாங்க வந்தவர்கள்

கடைகளுக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கடைக்காரர்கள் "எப்போ சார் வைரலாகும்?" என்று கேட்டே உயிரை வாங்குவார்கள் என்பது, இதே தொழிலில் தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் அலைந்துகொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டுப்புடவை ரீல்

மல்லிகா அக்கா மறைமலை நகர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பெரும்பாக்கத்தில் தோசைக் கடை போட்டவர். கடை ஈயடித்தது. பழையபடி விடிகாலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டியிருக்குமோ என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். நானும் விளக்கு, ஸ்லோமோஷன், சாம்பாரில் ஆவி என்று அமர்க்களப்படுத்தினேன். அக்கா பட்டுப்புடவையில் வந்து செய்தி வாசிப்பதுபோல் பேசினார். ரீல் போணியாகவில்லை.

"இன்னா தம்பி, லைக்கு போட்டதெல்லாம் எங்க வூட்டு ஆளுங்களா கீது! அதுங்க ஓசியில துன்றதுங்க."

அணைக்க மறந்த கேமரா

அடுத்த ரீலுக்குப் போனபோது கேமராவை அணைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்நேரம் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த ஒருவர், தோசையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருக்கிறார். கரண்டியோடு வந்த அக்கா ஒரு பிடி பிடித்துவிட்டார். இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு, கேமராவில் பதிவானதை அப்படியே போட்டேன். மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில் யார் போனிலும் அக்காவின் குரல்தான்.

"யோவ், தோசை ஆறி அவலாப் போவுது, இன்னாயா போட்டோ புட்சிகினு கீற? துன்னுயா மொதல்ல!"

ஆறிய தோசைகள்

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்தெல்லாம் திட்டு வாங்க வந்தார்கள். வேண்டுமென்றே தோசையை ஆறவிட்டு, போனை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். திட்டு கிடைத்ததும் தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். தினமும் சாப்பிடுகிறவர்கள் இடம் கிடைக்காமல் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கூட்டமும் ஓய்ந்தால் மறுபடி கம்பெனி பஸ்தான் என்று அக்காவுக்குப் புரிந்தது. குப்பைத் தொட்டியில் தோசையைப் பார்த்து நிஜமாகவே கோபம் வந்து கத்தினார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர், "அக்கா, இன்னொரு டேக் போலாமா?" என்றார். அக்கா அவர் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து கடையில் அதுதான் சட்டம். கூட்டம் வேறு வழியில்லாமல் சாப்பிட்டது. சாப்பிட்டவர்கள் படமெடுக்க முடியாது என்று தெரிந்தும் திரும்ப வந்தார்கள். கம்பெனி பஸ் அக்கா இல்லாமலேயே போய்க்கொண்டிருக்கிறது.

"தட்ட காலி பண்ணிக் காட்டு, அப்பால திட்றேன்!"

இப்போது என்னைத் தேடி வரும் கடைக்காரர்களுக்கெல்லாம் ஒரே கோரிக்கை: எப்படியாவது அவர்களுக்கும் நான் கோபம் வரவழைக்க வேண்டுமாம்.