மிக்கேல் சம்மனசுக்குக் காத்திருந்த திராட்சை

வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷத்திலிருந்தே சில்வெத்துக்கு செப்டம்பர் மாதத்தைக் கண்டால் ஆகாது. தார்ன் ஆற்றங்கரையில் எல்லோரும் பழம் பறித்து முடித்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அவள் புருஷன் அல்சீத் மட்டும் கொடிப் பக்கம் கத்தரியை அண்ட விடமாட்டான். மாதக் கடைசியில் வரும் தேவதூதர் மிக்கேல் சம்மனசு திருநாள் முடியாமல் பிராக்கோல் திராட்சையைத் தொடக்கூடாது என்பது அவனுடைய காஸால் குடும்பத்துச் சட்டம்.

அந்தக் காலத்துக்கு அது சரி. மழையும் குளிருமாக இருந்த ஊரில் பழம் கனியவே அவ்வளவு நாள் பிடிக்கும். இப்போது கொளுத்துகிற வெயிலில் ஆகஸ்ட் தாண்டுவதற்குள் பழம் கருத்துத் தொங்குகிறது. அதற்குமேல் விட்டால் சர்க்கரை ஏறி வைன் பாகாகிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வெயிலுக்குத் தெரியுமாய்யா உங்க சம்மனசு என்னிக்கு வர்றாருன்னு?"

"எங்க தாத்தனுக்குத் தெரியாதது தபால்காரர் மகளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

போன வருஷம் அவள் ஒரேயடியாகச் சண்டை பிடித்து மேட்டுத் தோட்டத்தைத் தன் கைக்கு வாங்கினாள். செப்டம்பர் பிறந்ததும் பறித்தாள். அவனுடைய ஓக் பீப்பாய்களை ஏறெடுத்தும் பார்க்காமல் பெரிய மண் ஜாடிகளில் ஊற்றி வைத்தாள். "வாத்துக்கறி போட்டு வைக்கிற ஜாடியில வைனா?" என்று அல்சீத் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

லேபிளில் ஊர்ப் பெயர் போட வேண்டுமென்றால் ருசிக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேர், யாருடையது என்று தெரியாமல் குடித்துப் பார்த்து, இது நம் மண்ணின் வைன்தானா என்று சொல்வார்கள். அல்சீத் எல்லோர் முன்னாலும் பந்தயம் கட்டினான். "அவளோடது தேறிச்சுன்னா, மொத்தத் தோட்டத்தையும் அவளே எப்ப வேணா பறிச்சுக்கட்டும். தேறலன்னா ஜாடியெல்லாம் உடைச்சிரணும்."

மாதிரி எடுக்கக் குழுவின் ஆள் வந்த அன்று சில்வெத் பல் பிடுங்க ஆல்பி டவுனுக்குப் போயிருந்தாள். அல்சீத்தான் எடுத்துக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்துக் குழுத் தலைவர் ரெஜிஸ் போன் செய்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. நம்ம ஊர் வைன் மாதிரியே இல்லன்னுட்டாங்க. வெந்த பழ வாசனை. தொண்டையில நெருப்பா இறங்குது."

"வெந்த பழமா? முதல்ல பறிச்சவ நானு! உங்க அஞ்சு பேருக்கும் மூக்கு முகத்துலதான் இருக்கா?" என்று கத்திப் போனை வைத்தாள். அதே கத்தலோடு நிலவறைக்கு இறங்கினாள். "சிரிய்யா! நல்லா சிரி! சுத்தியலை எடுத்துட்டு வந்து ஜாடியை உடை!"

அல்சீத் சிரிக்கவில்லை. பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அது உன் ஜாடி இல்லடி," என்றான். "உன்னோடதுன்னு சொல்லி என் பீப்பாயிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."

"ஏய்யா, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?"

"உன்னோடதை ஊரே துப்பிரும்னு நெனச்சேன். நான் பந்தயத்துல தோத்தாலும் பரவாயில்ல, நீ அவனுங்க முன்னால அவமானப்படக் கூடாதுன்னுதான்..."

எதற்கென்று கோபப்படுவது? திருட்டுத்தனத்துக்கா, தன் வைனைக் கேவலமாக நினைத்ததற்கா, இந்தப் பாழாய்ப்போன பாசத்துக்கா? மூன்றுக்கும் சேர்த்து அவளுக்குத் தலை கொதித்தது. நாளைக்கே ஜாடி வைனை மறுபடி ருசிக்கு அனுப்பலாம், அதற்கு விதி இருக்கிறது. அது தேறும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

"ஒருத்தனுமாடி நம்ம ஊர்துன்னு சொல்லல?" என்று கேட்டான் அல்சீத்.

அவள் பீப்பாயிலிருந்து அரை கிளாஸ் பிடித்துக் குடித்தாள். ஜாம் காய்ச்சிய பாத்திரத்தை வழித்து நக்கியது போல இருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான்யா இருக்கு."

"பொய் சொல்லாத. எங்கப்பன் செஞ்ச மாதிரியேதான்டி செஞ்சேன். ஒண்ணைக்கூட மாத்தல." தலையைத் தொங்கப்போட்டான். "அடுத்த தடவை என்னிக்குப் பறிக்கலாம்னு நீயே சொல்லு."

முப்பது வருஷமாக அவள் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. கேட்டதும் வந்தது சந்தோஷமில்லை, எரிச்சல்தான். நிம்மதியாக ஜெயிக்கக்கூட விடமாட்டேன் என்கிறானே இந்த மனுஷன்!

"வெயில் செஞ்ச வேலைக்கு நீ ஏன்யா தலை குனியிற?" என்று கத்தினாள். "நிமிந்து உட்காரு!"